மேளம் கேட்டால் ஆடும் குதிரை

குதிரை வாங்கியபோது என்னைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. என் காதுபடச் சொல்லவில்லை என்று திருத்திக்கொள்கிறேன். ஆலங்காயத்துக்கு வெளியே மாவு மில் நடத்துகிறேன். கேழ்வரகும் மிளகாயும் அரைத்துக்கொண்டு போக வேண்டுமானால் என்னிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். மில் ஓடும் சத்தத்தில் கத்திக் கத்தியே என் வாய் இப்படி ஆகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் சமாதானம் சொல்வார். கல்யாணத்துக்கு முன்பும் இப்படித்தான் இருந்தேன் என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

குதிரையை ‘அது’ என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன். சாம்பல் கலந்த வெள்ளை. வாணியம்பாடியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒரு பாயிடம் பல வருஷம் வேலை பார்த்தவள். முதுகில் மாப்பிள்ளை, முன்னால் பேண்டு வாத்தியம், இரண்டு பக்கமும் ஜெனரேட்டர் விளக்கு. வாத்தியத்துக்கு ஏற்றபடி முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடுவாள். அந்தப் பக்கத்தில் அவளைப்போல ஆடும் குதிரை கிடையாது என்று பேர்.

நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கினார், வாத்தியம் நின்றது, கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தது. அவள் மட்டும் கழுத்தை வில்லாக வளைத்தபடியே நின்றுகொண்டிருந்தாள். நெஞ்சு அடித்துக்கொள்வது தோலுக்கு மேல் தெரிந்தது. பாய் வந்து கழுத்து மாலையையும் நெற்றிச்சுட்டியையும் கழற்றினார். அவ்வளவுதான், தலையைத் தொங்கப் போட்டு உடம்பை ஒரு உதறு உதறினாள். பஸ் நின்றதும் பிரேக்கிலிருந்து காற்றுப் போகுமே, அப்படி ஒரு மூச்சு விட்டாள். வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால்தான் அவளுக்கு முடியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் பந்திக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் வேறொரு ஊர்வலத்தில் யாரோ சரவெடியை அவள் காலடியிலேயே கொளுத்திப் போட்டுவிட்டார்கள். மிரண்டு எகிறியதில் பின்னங்காலில் ஆழமாகக் கிழிந்துவிட்டது. எங்கள் கிணற்று மேட்டில் எப்போதும் புல் இருக்கும். ஆறும்வரை இங்கே கட்டிக்கொள்கிறேன் என்று பாய் கேட்டார். கட்டினார். கால் ஆறியது. ஆனால் வெடிச் சத்தம் எங்கே கேட்டாலும் அவளுக்கு நாலு காலும் நடுங்கும். தீபாவளிக்கு முந்தின நாள் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் என் கை வழியாக என் பல் வரைக்கும் வந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், இவளை இனி ஊர்வலத்துக்கு அனுப்புவதில்லை என்று. பாயிடம் விலை பேசி வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யோசிக்கவில்லை. மாடு என்றால் பால் கறக்கலாம். குதிரையை வைத்து மாவு மில்லில் என்ன செய்வது? ஏறிப் பார்த்தேன். விழுந்தேன். மறுபடி ஏறினேன். சுடிதார் போட்டுக்கொண்டு வீட்டுக்காரரின் பழைய ஷூவுக்குள் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு, மில் திறப்பதற்கு முன் மலைப் பாதையில் கொஞ்ச தூரம் போய்வர ஆரம்பித்தேன். தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் மிளகாயை வரிசையில் கடைசியாக அரைத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெங்களூரிலிருந்து குதிரை ஓட்டும் ஒரு குழுவினர் வந்து மில்லில் வழி கேட்டார்கள். ஜவ்வாது மலையில் நெடுந்தூரக் குதிரைச் சவாரி ஒன்று நடத்தப் போகிறார்களாம். நெல்லிவாசல்நாட்டில் புறப்பட்டு, சாமை வயல்களையும் ஓடைகளையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். இரண்டு பிரிவு. பெரிய தூரம் ஒன்று, அதில் பாதிகூட வராத சின்ன தூரம் ஒன்று. வந்தவர்களில் ஒருவர் கிணற்று மேட்டில் அவளைப் பார்த்துவிட்டு, “நீங்க சின்னதுல வாங்கக்கா. பிகினர்ஸுக்கு அதுதான்” என்றார்.

அந்த ‘அதுதான்’ எனக்குப் பிடிக்கவில்லை. “சின்னதுன்னா இன்னா சார், பசங்க ராட்டினமா?” என்று கேட்டேன். மனுஷர் சிரித்துவிட்டு, ஆனால் பொறுமையாக விதிகளைச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு அந்தச் சின்னதன் மேல் மரியாதை வந்துவிட்டது.

இது பந்தயம் மாதிரி இல்லை. முதலில் வருகிறவரைவிட, குதிரையை நல்லபடியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறவருக்குத்தான் மதிப்பு. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி டாக்டர் பார்ப்பார். நொண்டினால் அங்கேயே முடிந்தது. உடம்பில் தண்ணீர் வற்றிப் போயிருந்தாலும் முடிந்தது. வேண்டுமானால் இறங்கிக் குதிரையோடு கூட நடக்கலாம், ஓடலாம். முதுகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கடைசியில்தான் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம். பெரிய தூரத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் நின்றுவிடும். அதற்குப் பிறகு குதிரை ஆற அவகாசம் உண்டு. சின்ன தூரத்தில் கோட்டைத் தாண்டினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். குதிரையின் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு அறுபது என்று இறங்கினால்தான் அது நிற்கும். அரைமணிக்குள் இறங்கவில்லை என்றால், நீ வந்ததே வந்ததாகக் கணக்கில்லை.

அதாவது விரட்டிக்கொண்டு வந்து பிரயோஜனமில்லை. புதுக் குதிரை, எலும்பு முற்றாத குதிரை, காயம் பட்டு எழுந்த குதிரை, இவற்றை வைத்துக்கொண்டு அவசரப்படுகிறவர்களின் கையைக் கட்டிப்போடத்தான் அந்த விதி. இதைப் போய் சின்னது என்று சொல்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் குதிரைக்கு இதுதான் என்று அன்றே தீர்மானித்தேன்.

வீட்டுக்காரர் தீர்மானித்தது வேறு. பாயிடம் இருந்த இன்னொரு குதிரை வயதாகிப் படுத்துவிட்டது. ஆவணி பிறந்தால் கல்யாண சீசன். “அவளைத் திருப்பிக் குடுத்துடேன் பேட்டி, வெடி வெக்கற வீட்டுக்குப் போவ மாட்டேன்” என்று பாய் மில்லுக்கே வந்து கேட்டார். பேட்டி என்றால் மகள், என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நல்ல மனிதர். குதிரையை அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் வெடி வைக்காத கல்யாண வீடு எங்கே இருக்கிறது?

“நின்னுக்கிட்டுத் தின்னுது. நாம இன்னா ராஜா வூடா, குதிர கட்டி அழகு பாக்க?” என்றார் வீட்டுக்காரர்.

“நிக்கில. ஓடுது” என்றேன்.

“எங்க ஓடுது? நெல்லிவாசல் ரோட்டுல பாதி தூரம் போய்ட்டுத் திரும்பி வருது. அதுக்குப் பேரு ஓட்டமா?”

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை முன்னால் ஓடும், நான் பின்னால் ஓடுவேன். “ஆடி மாசம் மலையில சவாரி வெக்கறாங்க. அத அவ முடிச்சா நம்ம கொட்டாயில இருப்பா. முடிக்கலன்னா அங்கயே பாயோட டெம்போவுல ஏத்திடுங்க, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். மில்லில் வரிசையில் நின்ற நாலு பேரும் கேட்டார்கள். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்பதை அவர்கள் நம்பினார்களோ இல்லையோ, முதல் பாதியைக் கேட்டுக்கொண்டார்கள். இனி மாற்ற முடியாது.

அன்றிலிருந்து ஆடி வரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை. தினமும் ஏறினோம். அவளை ஓடவைப்பதைவிட ஓடிவிட்டு அமைதியாக நிற்கவைப்பதைத்தான் அதிகம் பழக்கினேன். முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், நெஞ்சில் கையை வைத்துத் துடிப்பை எண்ணக் கற்றுக்கொண்டேன். மில்லின் இரைச்சல் பக்கத்திலேயே இருந்தும் அவளுக்கு அது பொருட்டே இல்லை. மோட்டார் ஓடும்போதே கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். புது இடத்தில் தண்ணீர் குடிக்காத பிடிவாதம் ஒன்று இருந்தது. நம் மில்லின் சாமைத் தவிட்டை ஒரு கைப்பிடி தண்ணீரில் தூவினால் வாசனை பிடித்துக் குடித்துவிடுகிறாள் என்று கண்டுபிடித்தேன். பிறகு எங்கே போனாலும் இடுப்புப் பையில் தவிடு.

சவாரி நாளன்று எங்களை மலைக்கு ஏற்றிப் போனது பாயின் டெம்போதான். குதிரை ஏற்றப் பலகை வைத்த வண்டி அவரிடம் மட்டும்தான் இருந்தது. முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அதே வண்டியில்தான் அவள் இறங்கி வர வேண்டும். எங்கே இறங்குவாள் என்பதுதான் கேள்வி. டிரைவர் பக்கத்தில் பாயும் வீட்டுக்காரரும் அரசியல் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் பின்னால் அவளோடு நின்றுகொண்டு வந்தேன்.

புறப்படும் இடத்தில் எல்லாம் நீட்டுக்கால் குதிரைகள். தோல் பளபளவென்று இருந்தது. என் குதிரை முட்டி தட்டும், கொஞ்சம் குள்ளம். ஓரமாக நிறுத்தினேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த டாக்டரம்மா, சின்ன வயசுதான், அவளைத் தலையிலிருந்து வால் வரை தடவிப் பார்த்தார். பின்னங்கால் தழும்பில் விரல் நின்றது.

“இது எப்படி?”

“சரவெடி.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு “ஓட்டிக் காட்டுங்க” என்றார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். நேராக ஓடினாள். போகலாம் என்றார்.

மற்றவர்கள் புறப்பட்ட வேகத்தில் கிளம்பிய புழுதி அடங்கும்வரை நான் அவளை நகரவிடவில்லை. அவளுக்கோ அவர்கள் பின்னாலேயே போக ஆசை. காதைக் குத்திட்டு இழுத்தாள். “போறவங்க போவட்டும்டி” என்று சொல்லிச் சொல்லி நடத்திக்கொண்டு போனேன். சாமை முழங்கால் உயரத்தில் நின்றிருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, “ஐய, நம்ம மில்லுக்கார அக்காடி!” என்று கூவினார்கள். இந்த மலைக் கிராமங்களிலிருந்து வாரம் ஒருமுறை ஜீப் பிடித்து மூட்டையோடு வருகிறவர்கள். என் கோபத்தையும் என் மாவையும் தெரிந்தவர்கள். கையை ஆட்டினேன்.

ஏற்றத்தில் அவள் என்னைச் சுமந்தாள். இறக்கத்தில் நான் இறங்கிவிடுவேன். கல்லும் சரளையுமான இறக்கங்களில் கயிற்றை விட்டுப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே ஓடினேன். ஷூவுக்குள் திணித்த துணி ஒரு பக்கமாக ஒதுங்கிக் குதிகாலைத் தின்றது. இரண்டு பிரிவின் பாதையும் சேரும் ஒரு இடத்தில் எதிரே பெரிய தூரப் பிரிவுக்காரர் ஒருவர் வந்தார். “என்ன மேடம், குதிரை உங்களை ஓட்டுதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. இருந்திருந்தால் அவர் அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

நடுவழிப் பரிசோதனையில் டாக்டரம்மா கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். உடனே படிந்தது. பல் ஈறை விரலால் அழுத்தினார். வெளுத்து உடனே சிவந்தது. வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், கடமுடவென்று கேட்கிறது, குடல் நன்றாக வேலை செய்கிறது என்றார். வந்து நின்றதுமே துடிப்பு அறுபதுக்குள் இருந்தது. வீட்டுக்காரர் பக்கெட்டோடு நின்றிருந்தார். தவிடு தூவினேன், மடமடவென்று குடித்துவிட்டாள். இரண்டு நீட்டுக்கால் குதிரைகள் நொண்டுகின்றன என்று அங்கேயே நிறுத்தப்பட்டிருந்தன. பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

“பரவால்லியே” என்றார் வீட்டுக்காரர், பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு.

“பரவால்ல இல்ல. நல்லா கீது” என்றேன்.

இரண்டாம் பாதியில் மழை ஒரு தூறல் போட்டது. பாறை வழுக்கியது. நான்தான் கடைசி என்று தெரிந்துபோயிற்று, முன்னால் குளம்புச் சத்தமே இல்லை. ஆனால் கெடு நேரத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிடுவேன். ஓடை தாண்டியதும் இறங்கிவிட்டேன். ஈரத்துணியால் கழுத்தையும் தொடையிடுக்கையும் துடைத்து, கையை வைத்து எண்ணினேன். அறுபதைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. இப்படியே நடத்திக்கொண்டு போய் நிறுத்தினால் போதும், கோட்டைத் தாண்டிய உடனே முடிந்துவிடும். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. முடித்துவிட்டோமடி என்று அவள் காதில் சொன்னேன்.

அப்போதுதான் பம்பைச் சத்தம் கேட்டது.

ஆடி மாசம். ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. மேளக்காரர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். பெங்களூர்க்காரர்கள் வந்து சேர்ந்தபோது ஊர் சும்மா வேடிக்கை பார்த்திருக்கிறது. கடைசியாக வருவது மில்லுக்கார அக்கா என்று சாமை வயல் பெண்கள் போய்ச் சொன்னதும், நம் மனுஷியை வெறும் கையோடா வரவேற்பது என்று எழுந்துவிட்டார்கள். முடிவுக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பம்பை, மேளம். நடுவில் ஆரத்தித் தட்டு. மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. மில்லுக்கு வாரம் தவறாமல் வந்து, எடை சரியில்லை என்று வாரம் தவறாமல் என்னோடு சண்டை போடும் ஒரு அம்மா, அம்மன் கழுத்திலிருந்து எடுத்த சாமந்தி மாலையோடு முன்னால் நின்றார். அவ்வளவு பாசத்தை நான் என் வாழ்நாளில் யாரிடமும் வாங்கியதில்லை. அதுவே எனக்கு வினையாக வந்து நின்றது.

அவள் கழுத்தை வளைத்தாள். காது முன்னால் வந்தது. கோட்டைத் தாண்டியதும் குளம்பில் மஞ்சள் தண்ணீர் விழுந்தது, கழுத்தில் மாலை விழுந்தது. அவ்வளவுதான். முன்னங்காலைத் தூக்கினாள். இடது, வலது, இடது. ஊரே கைதட்டியது. கைதட்டக் கைதட்ட அவள் இன்னும் உயரத் தூக்கினாள். மேளக்காரர்களுக்குக் குஷி, வேகத்தைக் கூட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் பக்கெட்டோடு நிற்க வேண்டிய என் வீட்டுக்காரரும் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

டாக்டரம்மா எப்படியோ ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, “தொண்ணூறுக்கு மேல. நேரம் ஓடுதுக்கா” என்று என் காதில் கத்தினார்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். கேட்கவில்லை. மில் ஓடும்போது கத்துகிற குரல் ஒன்று இருக்கிறதே, அதை எடுத்தேன். “மேளத்த நிறுத்துங்கய்யா! அவளைக் கொல்றீங்க!”

நின்றது. கைதட்டலும் நின்றது. எல்லா முகமும் என்னைப் பார்த்தது. ஆரத்தித் தட்டு பாதி சுற்றில் நின்றுவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஊர் முகம் தெரியவில்லை. புளிய மரத்தடியில் பலகை இறக்கி வைத்திருந்த டெம்போதான் தெரிந்தது.

மேளம் நின்றும் அவள் அசையவில்லை. கழுத்து வில்லாகவே இருந்தது. தண்ணீர் ஊற்றினோம், தவிட்டைக் காட்டினேன், முகரக்கூட இல்லை. நெஞ்சு தோலுக்கு மேல் அடித்துக்கொண்டது. டாக்டரம்மா எண்ணினார். எண்பதுக்குக் கீழே வரவில்லை. பாதி அவகாசம் போய்விட்டது என்றார். பாய் டெம்போவிலிருந்து இறங்கி வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். அவர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

அந்த வளைந்த கழுத்தை எங்கேயோ இப்படியே பார்த்திருக்கிறேன். மண்டப வாசல். வாத்தியம் நின்ற பிறகும், மாப்பிள்ளை இறங்கிய பிறகும், அவள் நின்ற நிலை. மாலை. மாலை கழுத்தில் இருக்கும்வரை அவளுக்கு வேலை முடியவில்லை.

கையை நீட்டி மாலையைப் பிடித்தேன். சண்டைக்கார அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“இன்னா பண்ற? அம்மன் மால அது. போட்ட எடத்துலயே கழட்டுவியா? மோளத்த நிறுத்துன, செரி. மாலையையும் கழட்டிப் போட்டா இந்த ஊருக்கு இன்னா மரியாத?”

அவர் கேட்டதில் தப்பில்லை. அம்மன் மாலையைக் கழற்றிக் கீழே வைக்க எனக்கும் மனசு வராது. ஆனால் விடவும் முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பேசுவது எனக்குக் கேவலமாக இருந்தது. ஆனாலும் பேசினேன்.

“யக்கா, மால கழுத்துல இருந்தா இன்னும் கல்யாண ஊர்வலம் முடியலன்னு நெனச்சிக்கிட்டு நிக்கிறா. அவ நெஞ்சு இறங்கலன்னா அதோ அந்த வண்டியில ஏத்திட்டுப் போய்டுவாங்க. மறுபடியும் வெடிக்கு நடுவுல நிப்பா. மாலைய நான் கழட்டல. நீங்களே எடுத்து என் கழுத்துல போடுங்க. அவளுக்குப் போட்டா இன்னா, எனக்குப் போட்டா இன்னா? கூட ஓடி வந்தவதானே நானு!”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புழுதியும் தவிடும் வேர்வையும், ஒரு பக்கம் கிழிந்த ஷூவுமாக இருந்தேன். பிறகு குதிரையிடம் திரும்பி, இரண்டு கையாலும் மாலையைத் தூக்கினார். காதில் சிக்கியதை மெதுவாக விடுவித்தார். என் பக்கம் திரும்பி, என் கழுத்தில் போட்டார்.

அவள் தலையைத் தொங்கப் போட்டாள். உடம்பை உதறினாள். அந்த மூச்சை விட்டாள்.

டாக்டரம்மா முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மேளக்காரர்கள் தோலில் சத்தம் எழக் கூடாதென்று உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேர் நின்ற இடத்தில் குதிரை வால் வீசும் சத்தம் கேட்டது. அறுபத்தெட்டு என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தார். அறுபத்துமூன்று. மாலையைப் பிடித்துக்கொண்டு அம்மனையே கூப்பிட்டேன். மூன்றாம் முறை வைத்து எடுத்துவிட்டு, அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஐம்பத்தெட்டு. நேரத்துக்குள்ளதான். ஓட்டிக் காட்டுங்கக்கா, ஒரே ஒருவாட்டி.”

ஊர் வழிவிட்டது. குதிகாலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது, இருந்தாலும் ஓடினேன். பக்கத்தில் அவள் நேராக, சீராக, ஒரு காலையும் ஆட்டத்துக்குத் தூக்காமல் ஓடினாள். திரும்பி வந்து நின்றோம். டாக்டரம்மா கையை உயர்த்தினார். “முடிச்சிட்டீங்க” என்றார்.

கடைசி இடம். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு நீட்டுக்கால் குதிரை எங்களுக்கு வெகு முன்னால் கோட்டைத் தாண்டியும் துடிப்பு இறங்காமல் கணக்கில் சேராமல் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். சின்ன தூரத்தில் அப்படித்தான். கோட்டைத் தாண்டுவது உன் அவசரம், முடிப்பது குதிரை.

“இப்பவாச்சும் அடிக்கலாமா, இல்ல அதுக்கும் சண்ட போடுவியா?” என்று மாலைக்கார அம்மா கேட்டார்.

வீட்டுக்காரரை அனுப்பி அவளை ஓடைப் பக்கம் நடத்திக்கொண்டு போகச் சொன்னேன். பிறகு, “இப்ப அடிங்க” என்றேன். அடித்தார்கள். மாலை போட்ட கழுத்து எனக்குத்தானே, நான்தான் ஆடியாக வேண்டும். குதிகால் கிழிந்த காலோடு இடது, வலது என்று நாலு அடி ஆடினேன். அந்த அம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். எடைச் சண்டை அடுத்த வாரம் வழக்கம்போல் நடந்தது. அது வேறு. ஆடிக்கொண்டே ஓடைப் பக்கம் பார்த்தேன். மேளம் அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அவள் காதை மட்டும் ஒருமுறை இந்தப் பக்கம் திருப்பினாள், பிறகு தவிட்டு வாளிக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் டெம்போவில் ஏற்றினோம். பாய் பலகையைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறியதும், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“மாலைய எடுத்தா அடங்கிடும்னு எனக்குத் தெரியும் பேட்டி. வாய் வரிக்கும் வந்துச்சு.”

“வந்து?”

“அங்கயே நின்னுடுச்சு.”

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. ஆவணிக்கு அவரிடம் ஆடும் குதிரை இல்லை. அவர் வீட்டிலும் உலை வைக்க வேண்டும். “வுடுங்க பாய்” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் போய் ஏறினார். நான் பின்னால் அவளோடு நின்றுகொண்டேன்.

மலை இறங்கி ஆலங்காயம் கடைத்தெரு வந்தது. அங்கே பாதை பிரியும். நேராகப் போனால் வாணியம்பாடி, பாயின் லாயம். இடது பக்கம் திரும்பினால் எங்கள் மில். டிரைவருக்கு எங்கள் பேச்சும் தெரியாது, பந்தயமும் தெரியாது. வண்டியை மெதுவாக்கிக் கேட்டான்.

“எந்தப் பக்கம் பாய்?”

வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த வீட்டுக்காரர் திரும்பிப் பின்னால் என்னைப் பார்த்தார். நான் அவள் பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“என்னிய ஏம்பா கேக்கற?” என்றார் பாய். “பின்னாடி கீறாங்க பாரு குதிரைக்கார அம்மா. அவங்களக் கேளு.”